ஜனாதிபதி வாக்குச்சீட்டில் 39 பேர், ஒரு பெண்கூட இல்லை. எனக்கு மட்டும்தானா இது உறுத்துகிறது?

வன்னிமதி, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு நிற்கிறவள் நான், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம், 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும். நானும் மாமியும் முற்றத்தில் சாக்கு விரித்து மிளகாய்க்குக் காம்பு முறித்துக்கொண்டிருந்தோம். மிளகாய்த்தூளும் அரிசிமாவும் இடித்துக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். மாமிக்கு 78 வயது, பேப்பர் வாசிக்கக் கண் போதாது. வேட்பாளர் பெயர்களை வாசி பிள்ளை என்றார். கையை உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். 39 பெயர். மாமி காம்பு முறிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பெயர் முடிந்ததும், "அவ்வளவுதானோ? பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார்.

நான் திரும்பவும் மேலிருந்து பார்த்தேன். இல்லை. ஒருவரும் இல்லை. அதுவரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது. ஒரு கோடியே 71 இலட்சம் வாக்காளர்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள். சங்கக் கூட்டம், கடன் கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம் எதற்குப் போனாலும் கதிரையில் இருப்பவர்களில் முக்கால்வாசி நாங்கள்தான். நான் எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆறு வருஷமாகத் தலைவி. அப்படி இருந்தும், வாசித்துக் காட்டிய எனக்குத் தெரியாததை, கண் தெரியாத மாமி காதால் கேட்டே பிடித்துவிட்டார்.

மாமி 1994இல் வவுனியாவில் இருந்தவர். "அப்ப நான் கதிரைக்குத்தான் புள்ளடி போட்டனான்" என்று சொல்லுவார். கதிரை, அந்த வருஷம் ஜனாதிபதியான சந்திரிகாவின் சின்னம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, நாங்கள் வலிகாமத்தில். எங்கள் பக்கம் வாக்குப் போட வழியில்லை. ஆனாலும் சமாதானம் வரப்போகுது என்று ஊரே கதைத்தது. கடையில் 'சந்திரிகா காப்பு' என்று பெயர் வைத்து விற்றார்கள். அம்மாவிடம் அழுது இரண்டு சோடி வாங்கினேன். ஒரு வருஷம்கூட நிம்மதியாகப் போகவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வர, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி எங்கள் சனம் முழுக்க நடந்தது. அந்தக் காப்பு என் கையில் கிடந்ததா, வீட்டில் விட்டுவிட்டு வந்தேனா என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். நினைவில்லை.

அதனால் பெண் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது.

இந்த நாட்டில் உயரத்துக்குப் போன பெண்கள் எப்படிப் போனார்கள் என்று அன்றிரவு படுத்திருந்து யோசித்தேன். சிறிமாவோ 1960இல் பிரதமரானார், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முந்தின வருஷம் அவருடைய கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சந்திரிகாவின் கணவரை 1988இல் சுட்டார்கள். 1994 தேர்தலில் சந்திரிகாவை எதிர்த்து நின்றவரும் ஒரு பெண்தான், சிறிமா திசாநாயக்க. வேட்பாளராக இருந்த கணவர் காமினி ஒக்டோபர் 24 குண்டுவெடிப்பில் இறந்தார், தேர்தல் நவம்பர் 9. அந்த இரண்டு கிழமைக்குள் அவரை மேடையில் ஏற்றினார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த வருஷம் நாட்டின் பிரதான வேட்பாளர்கள் இரண்டு பேருமே கணவனைக் கொலைக்குக் கொடுத்த பெண்கள்.

எங்கள் பக்கமும் அப்படித்தான். இராசமனோகரி புலேந்திரன், விஜயகலா மகேஸ்வரன் இருவரும் கணவர்மார் சுடப்பட்ட பிறகு வந்தவர்கள். அனந்தி சசிதரன் 2013 வடமாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் 87,870 விருப்பு வாக்கு எடுத்தார், முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு அடுத்தபடி அவர்தான். அவருடைய கணவர் 2009இல் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர். இவர்கள் ஒருவரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துக்கத்தோடு மேடையில் ஏறுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கேள்வி எங்களைப் பற்றியது. செத்துப்போன ஆணின் கதிரையில் ஒரு பெண் இருந்தால் வாக்குப் போடுகிறோம். தன் கதிரையில் அவள் தானாகவே வந்து இருந்தால் போடுவோமா?

இதை இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், போன கிழமை ஒரு கட்சியில் இருந்து மூன்று தம்பிமார் வீட்டுக்கு வந்தார்கள். பிரதேச சபைத் தேர்தல் வருகிறது, பட்டியலுக்குப் பெண்கள் வேண்டும். "அக்கா, நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, கையெழுத்து மட்டும் போதும்" என்றார்கள். சரி, அது வழமையாகச் சொல்வதுதான் என்று விட்டேன். அப்புறம் அவர்களில் ஒருவர் சுவரில் மாலை போட்டிருந்த என் கணவரின் படத்தைப் பார்த்து, "அண்ணையின்ரை படத்தையும் நோட்டீசிலை போடுவம், சனம் இரங்கும்" என்றார்.

அவர் 2009 ஏப்ரலில் மாத்தளனில் செல் விழுந்து போனவர். பதினாறு வருஷமாக இரண்டு பிள்ளைகளையும் மாமியையும் வைத்து இந்த வீட்டை நடத்துகிறேன். நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்று கத்திய காலத்தில் இருபத்தெட்டுப் பெண்களைச் சேர்த்துச் சங்கத்துக்குள்ளேயே சுழற்சிக் கடன் தொடங்கி, ஒரு சதம் மிச்சமில்லாமல் கட்டி முடித்திருக்கிறோம். நோட்டீசில் போட அதெல்லாம் அவர்களுக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போடுவதா, விடுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம் அந்த 39 பெயரைப் பற்றியும் உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

நல்லூர்ச் செல்லையா

தங்கச்சி, எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மனம் திறந்து எழுதியிருக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

வாக்குச்சீட்டில் பெண் இல்லை என்பது எனக்கு உறுத்தவில்லை. ஒரு பெண் ஜனாதிபதியாக இருந்த பதினொரு வருஷத்தை நான் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவன். 1995 ஜூலை 9, நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் இருந்த சனத்தின் மேல் விமானப்படை குண்டு போட்டது. அடுத்த நாள் அங்கே போனவர்களில் நானும் ஒருவன், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது. 1996 செப்டம்பரில் செம்மணிச் சோதனைச் சாவடியில் கிருஷாந்தியைப் படையினர் பிடித்துக் கொன்றார்கள். பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போன பள்ளிப் பிள்ளை. அதே நேரம் தாய் சிறிமாவோ பிரதமர், மகள் சந்திரிகா ஜனாதிபதி. இரண்டு பெண்கள் உச்சத்தில் இருந்தும் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை.

என் பார்வையில் பிரச்சினை அந்தக் கதிரைதான். 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன செய்து வைத்த நிறைவேற்று ஜனாதிபதிக் கதிரை, இராணுவம், அவசரகாலச் சட்டம், பயங்கரவாதத் தடைச் சட்டம் எல்லாவற்றையும் ஒரே கைக்குள் வைத்திருக்கிறது. அதில் யார் இருந்தாலும் கதிரை சொல்வதைத்தான் செய்வார்கள். நான் போன வருஷம் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனின் சின்னமான சங்குக்குப் போட்டேன். அவர் வெல்ல மாட்டார் என்று தெரிந்துதான் போட்டேன். 2,26,343 பேர் அப்படிப் போட்டார்கள். எங்களுக்கு முதலில் இனத்தின் பாடு, மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் பிரதேச சபை விஷயம் வேறு. அதில் நில்லுங்கள். தம்பியின் படம் போடுவதைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் சுருக்கென்றது. அது கேட்டிருக்கக் கூடாது.

வவுனியா கணேஷ்

நான் முப்பது வருஷம் அரச சேவையில் இருந்தவன். எட்டுத் தேர்தலில் வாக்களிப்பு நிலையத்தில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகக் கடமை செய்திருக்கிறேன். அதனால் சட்டம் எங்கே அடைக்கிறது என்று கொஞ்சம் சொல்லலாம்.

ஜனாதிபதித் தேர்தலில் நிற்க இரண்டு வழிதான். அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று உங்களை நிறுத்த வேண்டும், கட்டுப்பணம் 50,000 ரூபா. இல்லாவிட்டால் சுயேச்சை, கட்டுப்பணம் 75,000. காசைப் பார்த்தால் பெரிய தடை இல்லைப் போலத் தெரியும். தடை வேறிடத்தில் இருக்கிறது. சுயேச்சையாக நிற்பவர் இப்போதோ முன்போ பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவராக இருக்க வேண்டும். 2020 பாராளுமன்றத்தில் 225 பேரில் பெண்கள் 12 பேர். அப்படியானால் ஒரு பெண் தன் துணிவில் சுயேச்சையாக நிற்கும் வாசல் எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மிச்சம் கட்சிகள். கட்சித் தலைவர் என்ற இடத்தில் பெண் அரிதாக இருக்கும்போது வேட்பாளர் என்ற இடத்தில் எங்கிருந்து வருவார்? 2019இல் 35 பேரில் ஒரே ஒரு பெண், அஜந்தா பெரேரா. அதற்கு முன் பெண் நின்றது 1999இல், சந்திரிகா. 2024இல் அந்த ஒன்றும் போய்விட்டது.

உள்ளூராட்சிக்கு மட்டும் 2016இல் சட்டம் திருத்தி 25 சதவீதம் வைத்தார்கள். 2018இல் அது முதல் தடவையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை உள்ளூர் சபைகளில் பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை, ஒரே தேர்தலில் 20ஐத் தாண்டினார்கள். பெண்கள் திடீரென்று அந்த வருஷம் திறமைசாலி ஆகவில்லை. கதவைத் திறந்தார்கள், வந்தார்கள். பாராளுமன்றத்துக்கும் ஜனாதிபதிக்கும் அப்படி ஒன்றும் கிடையாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு தேர்தலில் எண்பது தாண்டிய ஆச்சி ஒருவரை மகன் கூட்டி வந்தார். கண் தெரியும், கை நடுங்காது, நடையும் நன்றாக இருந்தது. மகன், "அம்மாவுக்கு விளங்காது, நான் உள்ளே போய்ப் போட்டுவிடுகிறேன்" என்றார். வலதுகுறைந்தவர் என்றால் உதவியாளருக்குச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்குச் சான்றிதழ் வேண்டும். இவருக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஆச்சியிடம் சீட்டைக் கொடுத்தேன். மறைப்புக்குள் போனவர் நாலைந்து நிமிஷம் வரவில்லை. வரிசை முணுமுணுத்தது. பிறகு வந்தார், சீட்டை நாலாக மடித்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பெட்டிக்குள் போட்டுவிட்டு என்னிடம், "தம்பி, முதல் தரம் நானே போட்டனான்" என்றார். எத்தனை தேர்தல் கண்டவர் அவர். அன்றைக்கு எனக்கு விளங்கியது, பெண்களின் வாக்கு என்று நாங்கள் எண்ணுகிற கணக்கில் எவ்வளவு அவர்களுடைய சொந்த வாக்கு என்று.

சகோதரி, பட்டியலில் கையெழுத்துப் போடும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வட்டாரத்தில் நின்று வென்றால் அந்த இடம் உங்களுடையது. மேலதிகப் பட்டியலில் இருந்தால் தேர்தல் முடிந்த பிறகு யாருக்கு இடம் என்று கட்சிச் செயலாளர்தான் தீர்மானிப்பார்.

அட்டன் மலர்

அக்கா, உங்க மாமி கேட்ட கேள்வியை எங்க அம்மாயி கேட்டிருக்க முடியாது. அவங்களுக்கு வாக்கே இல்லை.

எங்க கதையைக் கொஞ்சம் சொல்றேன். 1928இல டொனமூர் ஆணைக்குழு முன்னாடி பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துக்காரங்க போய்ப் பேசினாங்க, அக்னஸ் டி சில்வா அதில முக்கியமானவங்க. தோட்டத்தில வேலை செய்ற தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேக்கிறீங்கன்னு ஆணைக்குழுவில கேட்டப்ப, ஆமாம், அவங்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேணும்னு சொன்னாங்க. நான் இதை வாசிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எங்களையும் கணக்கில எடுத்து ஒருத்தர் பேசியிருக்காங்க. 1931இல சர்வஜன வாக்குரிமை வந்துச்சு, பெண்களுக்கும் 21 வயசில வாக்கு. ஆனா 1948இல குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து எங்க சனத்தை நாடில்லாதவங்களா ஆக்கினாங்க, வாக்கும் போச்சு. அம்மாயி கொழுந்து எடுத்தே செத்துப்போனாங்க, ஒரு தடவைகூட விரல்ல மை படல.

அம்மாவுக்கு வாக்கு இருக்கு. ஆனா தோட்டத்துத் தலைவர் லயத்துக்கு வந்து இந்தத் தடவை இதுக்குப் போடுன்னு சொல்லிட்டுப் போவார், அப்பா தலையாட்டுவார், அம்மா போடுவாங்க. சங்கத்துக்குச் சந்தா கட்றதில பாதிக்கு மேல பெண்கள், மேடையில மாலையோட நிக்கிறது ஆம்பிளைங்க. நாள் சம்பளம் 1,350 ரூபா, அதுக்கு மேல 350 ஊக்குவிப்புன்னு 2024 தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அறிவிச்சாங்க. எடுத்த கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், போடுவாங்க. அந்த அரைப் பேர் போட்டா ஒரு பொம்பளைக்கு என்ன ஆகும்னு வீட்டுக்குச் சோறு போடுறவளுக்குத்தான் தெரியும். பேச்சுவார்த்தை மேசையில அவளை உக்கார வச்சது கிடையாது.

அதனாலதான் எனக்கு நவம்பர் தேர்தல் பெரிசாப் பட்டுச்சு. நுவரெலியாவில கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் ரெண்டு பேர் பாராளுமன்றத்துக்குப் போனாங்க. மாத்தறையில சரோஜா போல்ராஜ் வென்று பெண்கள் விவகாரத்துக்கு அமைச்சரானாங்க. ஹரிணி அமரசூரியவுக்குக் கொழும்பில 6,55,289 விருப்பு வாக்கு. யாரோட மனைவி, யாரோட மகள்னு சொல்லி வாக்குக் கேக்கல, பல்கலைக்கழகத்தில படிப்பிச்சவங்க. உங்க கேள்விக்கு, தன் கதிரையில உக்காந்தா வாக்குப் போடுவோமான்னு கேட்டீங்கள்ல, இதுதான் என் பதில். போட்டிருக்கோம். ஆனா 225இல 22 பேர்தான், அதையும் மறக்கல நான்.

செல்லையா ஐயா, முதல்ல இனத்தின் பாடு, மற்றது பிறகுன்னு சொன்னீங்க. அதையேதான் எங்க தலைவர்மாரும் முதல்ல சம்பளம், பிறகு பெண்கள்னு சொன்னாங்க. அந்தப் பிறகு எங்க அம்மாயி காலத்தில வரல, அம்மா காலத்திலயும் வரல.

மட்டுநகர் ரஞ்சி

வன்னிமதி தங்கச்சி, நான் 2018இல் இருந்து 2023 மார்ச் வரை ஒரு பிரதேச சபையில் உறுப்பினராக இருந்தேன். பட்டியலில் வந்தவள்தான். அதனால் உங்களுக்கு நேரே சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் நான் எழும்பினேன், பாலர் பாடசாலைக்குப் போகிற ஒழுங்கையில் மதகு உடைந்து பிள்ளைகள் விழுகிறார்கள் என்று சொல்ல. ஒருவர், "பட்டியலில வந்தவங்க இருங்கோ, வட்டாரத்தில வென்றவங்க பேசட்டும்" என்றார். இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னம் அந்த மதகின் படம், ஒழுங்கையில் இருக்கிற 41 வீட்டுக்காரரின் கையெழுத்து, நீள அகலம் எல்லாம் எடுத்துக் கடிதமாகச் செயலாளரிடம் கொடுத்து, கூட்டறிக்கையில் பதியச் சொன்னேன். பதிந்தால் பிறகு இல்லை என்று சொல்ல ஏலாது. பதினொரு மாதம் எடுத்தது. இப்ப அந்த மதகால் ஓட்டோ போகுது.

இனிக் கஷ்டத்தையும் கேளுங்கோ. இரவு எட்டு மணிக்குப் பிறகு எனக்கு வருகிற அழைப்பெல்லாம் என் வீட்டுக்காரருக்கும் வரத் தொடங்கியது. "உன்ர பொஞ்சாதி இண்டைக்கு யாரோட வாகனத்தில போனா தெரியுமா" என்று. என் முகத்தை வேறு படத்தில் ஒட்டி வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மூத்த மகள் அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை அவளிடமே காட்டியிருக்கிறது. அன்றைக்குத்தான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மகள்தான், "அம்மா, நீங்க விட்டா அது உண்மை என்டு நினைப்பாங்க" என்று சொன்னாள். பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்தேன். நீங்களும் இலக்கம் இல்லாமல் திரும்பாதீர்கள்.

அனந்திக்கு 2013 வாக்களிப்பு நாள் காலையில் போலிப் பத்திரிகை அடித்து, அரசாங்கத்தோடு சேர்ந்துவிட்டார் என்று செய்தி போட்டு வீடு வீடாகப் போட்டார்கள். அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி என்றால், நாங்கள் எந்த மூலை.

என் யோசனை, பட்டியலுக்குச் சம்மதிக்காதீர்கள். வட்டாரம் கேளுங்கோ. சங்கத்தில் இருபத்தெட்டுப் பேர் என்றால் இருபத்தெட்டு வீடு, அது சின்னத் தொகை இல்லை. தோற்றாலும் உங்கள் பெயரில் எத்தனை வாக்கு விழுந்தது என்று ஊருக்குத் தெரியும். அண்ணரின் படத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உங்கள் விருப்பம்.

வன்னிமதி, கிளிநொச்சி

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ரஞ்சி அக்காவின் மதகுக் கதையை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

செல்லையா அண்ணை, நவாலியையும் செம்மணியையும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். 1996இல் எனக்கும் ஏறக்குறைய பள்ளிக்கூடம் போகிற அந்த வயதுதான். சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். நிறைவேற்று ஜனாதிபதிகள் இதுவரை ஒன்பது பேர், எட்டுப் பேர் ஆண்கள். 1983 ஜூலை நடந்தபோது இருந்தவர் ஆண், 2009இல் எங்களை அந்த மண்ணில் வைத்துச் சாய்த்தபோது இருந்தவர் ஆண். அதைப் பார்த்து, ஆண் வந்தும் ஒன்றும் சரிவரவில்லை, இனி ஆண்கள் இல்லாவிட்டாலும் உறுத்தாது என்று நீங்களோ நானோ ஒரு நாளும் சொன்னதில்லை. சந்திரிகா செய்தது சந்திரிகாவின் கணக்கு. அதை ஏன் எல்லாப் பெண்களின் கணக்கிலும் எழுத வேண்டும்? கதிரையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்தக் கதிரையை ஒழிக்கத்தான் வேண்டும் என்றாலும், எப்படி ஒழிப்பது என்று கதைக்கிற இடத்திலும் நாங்கள் இருக்க வேண்டும்.

இனத்தின் பாடு முதலில் என்பதற்கு மலர் தங்கச்சியே பதில் சொல்லிவிட்டாள். என் பங்குக்கு ஒன்று. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போய் இருந்தார்கள். நானும் சங்கத்துப் பெண்களோடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வெயிலிலும் மழையிலும் அந்தக் கொட்டகைக்குள் இருந்தது முழுக்கப் பெண்கள். பத்திரிகைக்காரர் வந்தால் முன்னுக்கு வந்து கதைத்துவிட்டுப் போனவர்கள் வேறு ஆட்கள். இனத்தின் பாட்டை யார் தலையில் சுமக்கிறார்கள் என்று அங்கே ஒரு பின்னேரம் போய் இருந்து பார்த்தால் தெரியும் அண்ணை.

கணேஷ் ஐயா, அந்த ஆச்சி மனதை விட்டுப் போகவில்லை. சங்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு மாதிரி வாக்குச்சீட்டு ஒன்று செய்து வைத்து, வயதானவர்களுக்கு எப்படிப் புள்ளடி போடுவது, எப்படி மடிப்பது என்று பழக்கப் போகிறோம். யாருக்குப் போடுவது என்று ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே முடிவெடுத்திருக்கிறோம்.

நேற்று அந்தத் தம்பிமாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். வட்டாரம் தந்தால் நிற்கிறேன், பட்டியலுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று. நோட்டீசில் சங்கத்தின் கடன் கணக்கையும், எங்கள் ஊர்க் கிணற்றடிப் பாதைக்கு நான் எழுதின கடிதங்களையும் போடுங்கள், என் கணவரின் படம் வேண்டாம் என்றேன். அவர்களில் மூத்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணைக்கு அது மரியாதைதானே அக்கா" என்றார். இந்தப் படம் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது கும்பிடுகிற படம், மதிலில் ஒட்டித் தேர்தல் முடிய மாடு நக்குகிறதுக்கு நான் தர மாட்டேன் என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மேலிடத்தில் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாகப் போயிருக்கிறார்கள். தராவிட்டால் சங்கத்துப் பெண்களே சேர்ந்து சுயேச்சைக் குழு போடலாமா என்றும் கதை நடக்கிறது. அதற்கான விதிமுறை தெரிந்தவர்கள், முக்கியமாகக் கணேஷ் ஐயா, நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

மாமிதான் காலையில் இருந்து ஒரே கேள்வி, என்ன சின்னம் என்று. இன்னும் தெரியாது மாமி என்றால் விடுகிறார் இல்லை. சின்னம் தெரிந்தால்தான் கோயிலில் மற்ற ஆச்சிமாருக்குச் சொல்லலாமாம்.